செக் எஞ்சின் லைட் எரியுதா? மலையில வண்டி ஓட்டுறவங்க கேள்விக்கு ஒரு குன்னூர் எலக்ட்ரீசியனோட பதில்

வணக்கம்ங்க. குன்னூர்ல இருபது வருசத்துக்கு மேல ஆட்டோ எலக்ட்ரீசியன் வேலை. ரெண்டு நாளா மழை, கடைக்கு வண்டியே வரல, சும்மா உக்காந்திருக்கறதுக்கு எஞ்சின் லைட் பத்தி எது வேணா கேளுங்கன்னு நேத்து போட்டேன், இவ்ளோ பேரு கேப்பீங்கன்னு நெனைக்கல. முடிஞ்ச வரைக்கும் வரிசையா சொல்றேன்.

கேள்வி (ஊட்டி, டாக்ஸி): அண்ணா, பெட்ரோல் வண்டி, ஒரு மாசமா பெட்ரோல் வாசம், மைலேஜ் இல்ல, ஐட்லிங்ல ஒரு மாதிரி தடுமாறுது. ஸ்கேன்ல பி0172 வந்துச்சு. ஆக்சிஜன் சென்சார் மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா?

இருங்க தம்பி, காச எடுக்காதீங்க. பி0172ன்னா மிக்ஸர் ரிச், அதாவது பெட்ரோல் ஜாஸ்தி காத்து கம்மி. அத கண்டுபிடிச்சு சொன்னதே அந்த ஆக்சிஜன் சென்சார்தான், சொன்னவன் மேலயே பழியப் போட்டா எப்படி. எத்தனை பெட்ரோல் ஊத்தணும்னு உங்க எஞ்சினுக்கு கணக்கு சொல்றது மேப் சென்சார், அது காத்தோட அழுத்தத்த அளக்கும். ஒரு வேலை பண்ணுங்க. காலைல சாவி மட்டும் ஆன் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஸ்கேனர்ல லைவ் டேட்டா போயி மேப் எவ்ளோ காட்டுதுன்னு பாருங்க. எஞ்சின் ஓடாதப்ப அது வெளிக்காத்து அழுத்தத்த அப்படியே காட்டணும். ஊட்டி 2240 மீட்டர், அங்க 77 கிலோபாஸ்கல் பக்கம் வரும். எங்க குன்னூர்ல 81 கிட்ட, மேட்டுப்பாளையத்துல 97, 98. மழை வெயிலுக்கு ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன இருக்கும், அதுக்கு மேல போகாது. பாத்துட்டு இங்கயே சொல்லுங்க.

கேள்வி (கூடலூர், டீச்சர்): ஸ்கேனர் காட்டற இந்த எரர் கோடுல (code) வர்ற எழுத்துக்கும் நம்பருக்கும் அர்த்தம் இருக்கா, இல்ல சும்மா வரிசை நம்பரா?

அர்த்தம் இருக்கு டீச்சர். மொத எழுத்து எந்த ஏரியான்னு சொல்லும், எஞ்சின் கியர்னா பவர்ட்ரெய்ன் பி, ஏர்பேக் கதவு மாதிரினா பாடி பி, ஏபிஎஸ் மாதிரினா சி, கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கலன்னா யூ. தமிழ்ல எழுதுனா மொத ரெண்டும் ஒரே பி, அதுல ஒரு தொல்லை, நான் இங்க எழுதற பி எல்லாமே எஞ்சின் பி தான். அடுத்த நம்பர் 0ன்னா எல்லா கம்பெனிக்கும் பொது, 1ன்னா அந்த கம்பெனியோட சொந்த கோடு, அத இன்டர்நெட்ல தேடுனா வேற கம்பெனி அர்த்தம் வந்து குழப்பும். அதுக்கு அடுத்த நம்பர் 1, 2ன்னா காத்து பெட்ரோல் சமாச்சாரம், 3ன்னா மிஸ்ஃபயர், 4ன்னா புகை சம்பந்தப்பட்டது, 7ன்னா கியர் பாக்ஸ்.

ஆனா ஒண்ணு டீச்சர், கோடுங்கறது ஈபி ஆபீஸுக்கு போற கம்ப்ளைன்ட் மாதிரி. இந்த லைன்ல கரண்ட் இல்லன்னுதான் அங்க தெரியும், கற்பூர மரம் எங்க விழுந்து கெடக்குன்னு லைன்மேன் நடந்து போயிதான் பாக்கணும். நம்ம ஆளுங்க நடக்கறதே இல்ல, நேரா டிரான்ஸ்ஃபார்மர மாத்தறாங்க.

கேள்வி (கூடலூர், அதே டீச்சர்): சரி, என் பிரச்சனைக்கு வரேன். நடுவட்டம் வழியா ஊட்டி போறப்ப மஞ்சு மூடுனா வண்டி மிஸ்ஸிங் அடிக்குது, பி0302. வெயில் வந்தா சரியாயிடுது. மெக்கானிக் கிட்ட போனா ஒண்ணும் இல்லங்கறார்.

மெக்கானிக் கிட்ட போறப்ப வெயில் அடிச்சிருக்கும்! பி0302ன்னா ரெண்டாவது சிலிண்டர் எரியல. ஈரத்துல மட்டும் வருதுன்னா, பிளக்குக்கு கரண்ட் குடுக்கற காயிலோட ரப்பர் பூட்ல விரிசல் இருக்கலாம், பிளக் குழியில தண்ணி நிக்கலாம், கரண்ட் பிளக்குக்கு போகாம பக்கத்துல எர்த்தாயிடும். காசு செலவில்லாத ஒரு டெஸ்ட் இருக்கு. ரெண்டாவது சிலிண்டர் காயில கழட்டி மூணாவதுல போடுங்க, மூணாவது காயில ரெண்டுல போடுங்க, கோட அழிச்சுட்டு அடுத்த மஞ்சுல ஓட்டுங்க. பி0303ன்னு வந்தா காயில்தான் குத்தவாளி, கையும் களவுமா சிக்கிடுச்சு. மறுபடி 0302வே வந்தா காயில் நல்லது, பிளக் பாருங்க, அப்புறம் இன்ஜெக்டர். காயில் கழட்டறப்ப பூட்டுக்கு உள்ள வெள்ளையா ஒரு வரி ஓடியிருந்தா கரண்ட் தாவுன தடம் அது. இன்னொண்ணு, வாட்டர் சர்வீஸ்ல எஞ்சின் மேல பிரஷர் தண்ணி அடிக்க விடாதீங்க, பாதி பி0302 அங்கதான் பொறக்குது.

கேள்வி (கோயம்புத்தூர், வாரக்கடைசில மலை ஏறுறவர்): லைட் நின்னு எரியறதுக்கும் மினுக்குறதுக்கும் வித்தியாசம் இருக்கா?

ரொம்ப இருக்கு சார். நின்னு எரிஞ்சா, ஹீட்டும் ஆயில் லைட்டும் சரியா இருந்தா, மெதுவா ஓட்டிட்டு போயி காட்டலாம். மினுக்குச்சுன்னா மிஸ்ஃபயர் கடுமையா இருக்கு, எரியாத பெட்ரோல் சைலென்சர் பக்கம் போயி, புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல எரியுது, அது செவந்து உருகிடும், அது போச்சுன்னா செலவு உங்களுக்கே தெரியும். ஓரம் கட்டி நிறுத்துங்க. நிறுத்தறப்ப காஞ்ச புல் மேல நிறுத்தாதீங்க, பிப்ரவரி மார்ச்ல மசினகுடி பக்கம் எல்லாம் புல் பஞ்சு மாதிரி கெடக்கும், அடியில அந்த சூடு பட்டா போதும். அப்புறம் டயருக்கு கல்லு வெச்சீங்கன்னா கெளம்பறப்ப எடுத்து ஓரமா போட்டுட்டு போங்க சார், கொண்டை ஊசி வளைவுல நடு ரோட்ல கல்லு விட்டுட்டு போறவங்கள என்ன சொல்றது.

கேள்வி (கோத்தகிரி, பச்சை தேயிலை ஏத்துற பிக்கப்): ண்ணா டீசல் பிக்கப், லோடு ஏத்தி மேடு ஏறுனா பிக்கப் செத்துடுது, கருப்பு புகை, லைட் வருது. இறக்கத்துல காலியா போனா எதுவும் இல்ல. பி0299. டர்போ போச்சுன்னு புது டர்போவுக்கு கொட்டேஷன் குடுத்துட்டாங்க.

கொட்டேஷன மடிச்சு பாக்கெட்ல வைங்க தம்பி. டர்போங்கறது காத்த அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளறது, அந்த அழுத்தம்தான் பூஸ்ட். பி0299ன்னா கேட்ட அளவு பூஸ்ட் வரல, அவ்ளோதான், டர்போ செத்துச்சுன்னு அதுல எழுதல. டர்போவுல இருந்து இன்டர்கூலருக்கும் அங்கருந்து எஞ்சினுக்கும் போற ரப்பர் ஹோஸ் இருக்கே, மொதல்ல அத பாருங்க. மேல நின்னு பாத்தா தெரியாது, ஹோஸோட அடிப்பக்கம், கிளாம்பு கடிச்ச எடம், கைய விட்டு தடவணும். சும்மா இருக்கறப்ப வெடிப்பு மூடியே இருக்கும், பூஸ்ட் வந்தாதான் வாய் தொறக்கும், அதனாலதான் இறக்கத்துல உங்களுக்கு எதுவும் தெரியல. கையில எண்ணெய் பிசுக்கும் மண்ணும் சேந்து ஒரு எடத்துல மட்டும் ஒட்டுச்சுன்னா அதான் எடம். ஆக்சிலரேட்டர் மிதிக்க சொல்லி கேட்டா உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். மலையில காத்தே கம்மி, டர்போ கீழ சுத்தறத விட இங்க ஜாஸ்தி சுத்தி ஈடு கட்டுது, அதனால கீழ ஓடுனா தெரியாத ஓட்டை கூட இங்க லைட் போட்டுடும். ஹோஸ் நல்லா இருந்தா ஏர் ஃபில்டர், அப்புறம் வேக்கம் பைப், அப்புறம் அந்த ஆக்சுவேட்டர் கம்பி அசையுதான்னு பாருங்க, டர்போ எல்லாத்துக்கும் கடைசி.

இத நான் ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா நானே ஏமாந்திருக்கேன். தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு வண்டிக்கு பி0171, லீன், அதாவது காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மின்னு வந்துச்சு, நான் ஆக்சிஜன் சென்சார மாத்துனேன், நாலு நாள்ல மறுபடி லைட். கடைசில பாத்தா த்ராட்டில் பாடிக்கு பின்னாடி சுண்டு விரல் தடிமன்ல ஒரு வேக்கம் பைப்பு பொரிஞ்சு போயி கெடந்துச்சு. கஸ்டமர் ஒண்ணும் சொல்லல, சென்சார் காச நான்தான் திருப்பிக் குடுத்தேன். அதுல இருந்து மொதல்ல கைதான், ஸ்கேனர் அப்புறம்.

கேள்வி (அரவங்காடு): அதே பி0171 எனக்கும் இருக்கு. இ20 பெட்ரோல்னால வருதுன்னு சொல்றாங்களே?

இ20ன்னா இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது மட்டுமே காரணமா இருக்காது. எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கறதால கம்ப்யூட்டர் கொஞ்சம் ஜாஸ்தி பெட்ரோல் ஊத்தும், இ10ல இருந்து இ20 மாறுனா நாலு சதவீதம் பக்கம்தான். கம்ப்யூட்டர் எத்தன சதவீதம் ஜாஸ்தி கம்மி ஊத்துதுன்னு ஃபியூவல் ட்ரிம்னு ஒரு நம்பர் ஓடும் பாருங்க லைவ் டேட்டால, லாங் டெர்ம் பிளஸ் பத்துக்குள்ள இருந்தா பயப்பட வேண்டாம், இருபது தாண்டுனாதான் பெரும்பாலும் லைட் வரும். ஏற்கனவே பதினஞ்சுல இருந்த வண்டிய இ20 தள்ளி விட்டிருக்கும். ஐட்லிங்ல ட்ரிம் ஜாஸ்தி, ரேஸ் பண்ணா குறையுதுன்னா காத்து எங்கயோ லீக். மாறா மேடு ஏறுறப்ப ஜாஸ்தி ஆகுதுன்னா பெட்ரோல் பத்தல, பம்ப்பு, ஃபில்டர் பாருங்க.

கேள்வி (லவ்டேல்): நேத்து நல்லா இருந்த வண்டி, இன்னிக்கு காலைல ஒரே நேரத்துல ஏழு கோடு. கம்ப்யூட்டரே போச்சா?

எலி.

சிரிக்காதீங்க, குளிருக்கு சூடா இருக்கற எஞ்சினுக்கு மேலதான் அதுங்க ராத்திரி தங்கும். ஏழு சென்சார் ஒரே ராத்திரில சாகாது, ஏழுக்கும் பொதுவா போற ஒரு 5 வோல்ட் வயரோ எர்த்தோ ஃபியூஸோ போயிருக்கும். எஞ்சின் கவர கழட்டுங்க, பிஞ்ச துணி, கொட்டைத் தோலு, புழுக்கை கெடந்தா அங்கருந்து வயர தொடர்ந்து போங்க. ஜாயின்ட் போடறப்ப வெறும் இன்சுலேஷன் டேப் சுத்த விடாதீங்க, நம்ம ஊரு ஈரத்துக்கு ஆறு மாசத்துல உள்ள பச்சை பூத்துடும். சால்டர் வெச்சு ஹீட் ஸ்லீவ் போடச் சொல்லுங்க.

கேள்வி (வெலிங்டன், ரிடையர்டு): பிஎஸ்6 டீசல் எஸ்யூவி. மார்க்கெட், கிளப், கோயில், தினம் நாலு கிலோமீட்டர் தாண்டாது. டிபிஎஃப் லைட், பி2463. மேட்டுப்பாளையம் வரை ஓட்டி வந்தா கிளீன் ஆகும் என்றார்கள், இறங்கிப் பார்த்தேன், அணையவில்லை.

இறங்குனா அணையாது சார், அதான் விசயம். சைலென்சர்ல இருக்கற ஃபில்டர்ல கரி சேந்திருக்கு, அத எரிக்க 600 டிகிரி பக்கம் சூடு வேணும். இறக்கத்துல நீங்க கியர்ல விட்டு கால எடுத்தீங்கன்னா டீசலே கட் ஆயிடும், எஞ்சின் வெறும் காத்த தள்ளும், உள்ள இருந்த சூடும் ஆறிடும். கீழ எறங்கி காரமடை தாண்டி சமரோட்ல 2000 ஆர்பிஎம்முக்கு மேல ஒரே சீரா இருபது நிமிசம் ஓட்டுங்க, திரும்பி மேடு ஏறுறதும் நல்லதுதான், லோடு இருக்கும். நடுவுல ஆஃப் பண்ணாதீங்க. அதுக்கு முன்னாடி ஆயில் டிப்ஸ்டிக் பாருங்க சார், இது முக்கியம். கரிய எரிக்கற வேலைக்கு ரீஜென்னு பேரு, பாதில நின்ன ரீஜென் ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் டீசல் ஆயில்ல கலக்கும், ஆயில் மட்டம் ஏறியிருந்தா ஓட்டாம மொதல்ல ஆயில மாத்துங்க. லைட்டோட சேத்து பவரும் குறைஞ்சிருந்தா வீட்டு வைத்தியம் வேண்டாம், சர்வீஸ்ல ஸ்கேனர் வெச்சு பண்ணட்டும். நாலு கிலோமீட்டருக்கு டீசல் வண்டி வேண்டாம்னு வாங்கறப்பவே யாராவது சொல்லியிருக்கணும்.

கேள்வி (கேத்தி): பி0128. காலைல பத்து கிலோமீட்டர் போனாலும் ஹீட்டர்ல சூடு காத்து வர மாட்டேங்குது அண்ணா.

பி0128ன்னா எஞ்சின் ஏற வேண்டிய அளவுக்கு சூடு ஏறல. வண்டி கீழ வாங்குனதாம்மா? எஞ்சின் சூடாகற வரைக்கும் கூலன்ட்ட ரேடியேட்டருக்கு விடாம தடுக்கற தெர்மோஸ்டாட் உள்ள இருக்கான்னே பாருங்க. சமவெளில ஹீட் ஆகுதுன்னா சில பேரு அத கழட்டி எறிஞ்சுடுவாங்க, அங்க தெரியாது, இங்க எஞ்சின் சூடே ஏறாது, பெட்ரோல குடிக்கும். இருந்தா தொறந்தபடி சிக்கியிருக்கும், மாத்திடுங்க. கூலன்ட்டுக்கு பதிலா பச்சத்தண்ணி ஊத்தாதீங்க, ஊட்டில திறந்த பாத்திரத்துல தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சுடும், ரேடியேட்டர் மூடி லூஸா இருந்தா தொல்லை.

கேள்வி (குந்தா): பேட்டரி டெர்மினல கழட்டி மாட்டுனா லைட் போயிடுதே, அது போதாதா? செகண்ட்ஸ் வண்டி பாக்கறப்ப அப்படி அழிச்சிருந்தா எப்படி கண்டுபிடிக்கறது?

லைட்டுதான் போகும், நோய் போகாது. லைட் வந்த நேரத்துல ஸ்பீடு எவ்ளோ, ஹீட் எவ்ளோ, லோடு எவ்ளோன்னு கம்ப்யூட்டர் ஒரு போட்டோ புடிச்சு வெச்சிருக்கும், ஃபிரீஸ் ஃபிரேம்னு பேரு, மேட்டுல வந்துச்சா ஐட்லிங்ல வந்துச்சான்னு அதுல தெரியும், நீங்க டெர்மினல கழட்டுன ஒடனே அதுவும் போச்சு. செகண்ட்ஸ் வாங்கறப்ப ஸ்டீயரிங் கீழ 16 பின் சாக்கெட்ல ஸ்கேனர் மாட்டி ரெடினஸ் பாருங்க, கம்ப்யூட்டர் தன்னோட டெஸ்டெல்லாம் பண்ணி முடிச்சுதான்னு அது காட்டும். பாதிக்கு மேல முடியலன்னு காட்டுச்சுன்னா சமீபத்துல அழிச்சிருக்காங்க, இல்ல பேட்டரி மாத்தியிருக்காங்க. எதுன்னு கேளுங்க, மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சுடும். அந்த புளூடூத் டாங்கிள் சின்னது ஒண்ணு போதும், ஆனா வேலை முடிஞ்சதும் கழட்டிடுங்க, ராத்திரி பூரா பேட்டரிய உறிஞ்சும், ஜனவரி உறைபனி காலைல செல்ஃப் எடுக்காது.

கேள்வி (மஞ்சூர்): பழைய ஜீப்புக்கு இந்த ஸ்கேனர் மாட்டலாமா?

எங்க மாட்டுவீங்க, சாக்கெட்டே இருக்காதே. அது உங்க கிட்ட நேரா பேசும், காது குடுங்க.

திரும்ப அந்த ஊட்டி டாக்ஸி தம்பி: அண்ணா பாத்துட்டேன். சாவி ஆன், ஸ்டார்ட் பண்ணல, மேப் 85 காட்டுது. ரெண்டு தடவை பாத்தேன்.

85ஆ! வண்டி நிக்கறது ஊட்டி சேரிங்கிராஸ்ல, சென்சார் நிக்கறது கீழ பர்லியாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல ஏதோ ஒரு வளைவுல. காத்து இருக்கறத விட ஜாஸ்தின்னு சொல்லுது, கம்ப்யூட்டர் நம்பி பெட்ரோல ஊத்துது, அதான் வாசம். இப்பவும் சென்சார வாங்கிடாதீங்க. மொதல்ல அதோட கப்ளர கழட்டி உள்ள பச்சை பூத்திருக்கான்னு பாருங்க, மீட்டர் இருந்தா கப்ளர திரும்ப மாட்டிட்டு, சாவி ஆன்ல, எர்த்து பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல அளந்து பாருங்க, கிட்டத்தட்ட பூஜ்யம் வரணும். அங்க கால் வோல்ட்டு, அர வோல்ட்டு நின்னா எர்த்து சரியில்ல, அது மேப் நம்பரயும் அப்படியே தூக்கிக் காட்டும். எர்த்து சரி, சென்சாருக்கு வர்ற 5 வோல்ட்டும் சரி, அப்பவும் 85ன்னா சென்சார மாத்துங்க, மாத்துன ஒடனே ஸ்டார்ட் பண்ணாம மறுபடி நம்பர் பாருங்க. 77 வந்துச்சுன்னா சவாரிக்கு போங்க.