நியூட்ரான் நட்சத்திர ஆராய்ச்சிக்கு மகளை அனுப்பலாமா? ஒரு குன்னூர் அப்பாவுக்குப் பதில்

ஐயா, வணக்கம். பத்தாம் வகுப்பு முடித்த மகள் நியூட்ரான் நட்சத்திரங்களின் எக்ஸ்-ரே வெடிப்புகளை ஆராயப்போவதாகச் சொன்னதும் பதறியிருக்கிறீர்கள். ஊட்டிக்குப் பக்கத்து முத்தொரை டெலஸ்கோப்பில் எத்தனை பேருக்குத்தான் வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முத்தொரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்பது ரேடியோ அலைகளைப் பிடிப்பது. விண்ணிலிருந்து வரும் எக்ஸ்-ரேயை வளிமண்டலமே விழுங்கிவிடும். தொட்டபெட்டா உச்சியில் நின்றாலும் கிடைக்காது. அதனால்தான் 2015-ல் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளை இஸ்ரோ அனுப்பியது. அது பதிவு செய்ததைக் கம்ப்யூட்டரில் அலசுவதுதான் இத்துறையின் அன்றாட வேலை.

அவள் ஆசைப்படுவது என்னவென்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். சூரியனைவிட அதிக நிறை, ஆனால் குறுக்களவு குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் தூரம்தான், ஏறக்குறைய. இதுதான் நியூட்ரான் நட்சத்திரம். பக்கத்துத் துணை நட்சத்திரத்திலிருந்து ஹைட்ரஜனும் ஹீலியமும் வந்து இதன்மேல் மணிக்கணக்கில் படியும். அடியில் அழுத்தமும் வெப்பமும் எல்லை மீறியதும் அணுக்கரு இணைவு ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். இதுதான் எக்ஸ்-ரே வெடிப்பு. எக்ஸ்-ரே ஒளிர்வை வரைபடமாகப் போட்டால், கோடு சில விநாடிகளில் செங்குத்தாக ஏறி, பிறகு மெல்ல இறங்கும். அந்த உச்சியில் நுணுக்கமாகத் தேடினால் நட்சத்திரம் சுழலும் வேகம்கூடச் சிலசமயம் சிக்கும். 4யு 1728-34 என்ற நியூட்ரான் நட்சத்திரம் விநாடிக்கு 363 முறை சுழல்வது 1996-ல் அப்படித்தான் தெரிந்தது. இதில் மனம் போன பிள்ளையைத் திருப்ப எனக்கு மனமில்லை.

ஆனால் பாதை நீளம். ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனத்தில் ஐந்தாண்டு, அல்லது பி.எஸ்சி. இயற்பியல் முடித்து ஜாம் என்ற நுழைவுத்தேர்வெழுதி எம்.எஸ்சி.; அதன்பின் பி.எச்டி.க்கு இன்னும் ஐந்தாறு ஆண்டு. பெங்களூரு, புனே, மும்பையில் நல்ல நிறுவனங்கள் இருக்கின்றன. பி.எச்டி. தொடக்கத்தில் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அந்தக் கட்டத்தில் உங்கள் கையை எதிர்பார்க்கமாட்டாள். நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு, அதை மறைக்கமாட்டேன். கிடைக்காதவர்கள் தெருவில் நிற்பதில்லை. கற்ற புள்ளியியலும் கோடிங்கும் டேட்டா சயன்ஸ் வேலைக்கு அப்படியே உதவும்.

நிஜமாகவே பிடித்திருக்கிறதா என்று இந்த லீவிலேயே பார்த்துவிடலாம். பைதானில் அடிப்படை கற்கட்டும். ஆஸ்ட்ரோசாட் தரவும் நாசாவின் பழைய தரவும் இணையத்தில் இலவசம். இயற்பியல் ஆசிரியர் ஒருவர் துணையோடு நேரம் போகப்போக ஒளிர்வு எப்படி மாறுகிறது என்று ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். பல மணி நேரத் தரவில் ஒரு வெடிப்புகூட இல்லாமல் போகும். சலிக்காமல் அடுத்த கோப்பைத் திறக்கிறாளா என்று கவனியுங்கள். மார்க்கைவிட அதைத்தான் நான் நம்புவேன்.

குரூப் விஷயத்தில் வீட்டில் சண்டை வேண்டாம். நீட்டை மனதில் வைத்து நீங்கள் சொல்லும் கணக்கு-பயாலஜியே இருக்கட்டும். ஐசர் நுழைவுத்தேர்வில் உயிரியல் கேள்விகளும் உண்டு. கணக்கை மட்டும் எக்காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.