5 லிட்டர் ஓக் பீப்பாயில் வீட்டு ஒயினை ஒரு வருடம் ஊற வைக்கலாமா?

வேண்டாம். பிரான்சின் போர்டோ பகுதியில் ஒயினை ஒரு வருடத்துக்கும் மேலாகப் பீப்பாயில் வைப்பது உண்மைதான். ஆனால் அங்கே வழக்கமான பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும். பீப்பாய் சிறுக்கச் சிறுக்க, ஒவ்வொரு லிட்டர் ஒயினும் தொடும் மரப்பரப்பு கூடிக்கொண்டே போகும். உங்கள் 5 லிட்டரில் அது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. வனிலா மணம், தீயில் வாட்டிய மரத்தின் வாசம், துவர்ப்பு எல்லாம் அவ்வளவு விரைவாக இறங்கும். புதுப் பீப்பாயில் ஒரு வருடம் கிடந்தால் திராட்சையின் சுவை அடியோடு மறைந்து, மரத்தைக் கடித்ததுபோல் இருக்கும்.

முதலில் வெந்நீர் நிரப்பி ஓரிரு நாள் வையுங்கள். பலகைகள் ஊறி உப்பி, இடுக்குகளில் கசிவு நிற்கும். ஒயின் ஊற்றிய பிறகு வாரம் ஒருமுறை ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். முதல் முறைக்குப் பெரும்பாலும் சில வாரங்களே போதும். பழச்சுவையை முந்திக்கொண்டு மரம் நாக்கில் தெரியத் தொடங்கியதும் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். அடுத்தடுத்த முறைகளில் மரத்தின் வீரியம் குறையும், கூடுதல் நாள் வைக்கலாம்.

நான் அதிகம் அஞ்சுவது காற்றைத்தான். மரத்தின் வழியே ஒயின் ஆவியாகி மேலே இடைவெளி விழும். அங்கே அசிட்டோபாக்டர் என்னும் பாக்டீரியா பெருகினால் ஒயின் காடியாகிவிடும். பிறகு மீட்க வழியே இல்லை. அதே ஒயினில் ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைத்து, சுவைக்கும்போதெல்லாம் பீப்பாயை வாய்வரை நிரப்பி அடையுங்கள்.