முன்னணி கார் கம்பெனியின் பெயர் கெட்டால் போட்டிக் கம்பெனிகளுக்கு எப்படி லாபம்?

பிராண்ட் நம்பிக்கை என்பது, ஒரு பெயரைப் பார்த்ததும் அதிகம் விசாரிக்காமல் வாங்கிவிடும் மனநிலை. அது குலைந்தாலும் கார் தேவைப்படுபவருக்குத் தேவை அப்படியேதான் இருக்கும். வழக்கமாக வாங்கும் கடைப் பருப்பில் வண்டு இருந்தால் சாம்பாரையா நிறுத்துகிறோம்? அடுத்த கடைக்குப் போகிறோம்.

அமெரிக்காவில் 2010 ஜனவரியில் டொயோட்டாவுக்கு இதுதான் நடந்தது. ஆக்சிலரேட்டர் பெடல் சிக்கிக்கொள்ளும் சிக்கலால் 8 மாடல்களின் விற்பனையையே நிறுத்தியது. உடனே ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்றவை டொயோட்டா வைத்திருப்பவர்கள் தங்களிடம் மாறினால் 1,000 டாலர் சலுகை என்று அறிவித்தன. முந்தைய ஆண்டு பிப்ரவரியோடு ஒப்பிட்டால், அந்தப் பிப்ரவரியில் டொயோட்டா விற்பனை சுமார் 9% சரிந்தது. ஃபோர்டு 43% ஏறியது. அந்த ஏற்றம் முழுவதும் டொயோட்டாவிடமிருந்து வந்ததல்ல. முந்தைய ஆண்டு சந்தையே படுத்துக் கிடந்தது. ஆனால் ஃபோர்டிடம் விற்கத் தகுந்த நல்ல கார்கள் அப்போது தயாராக இருந்தன. என் பார்வையில் சலுகைப் பணத்தைவிட இதுதான் முக்கியம். தயாராக இல்லாத கம்பெனிக்கு அடுத்தவர் சரிவால் பெரிய பயன் இல்லை.

அப்புறம், பெயர் கெட்ட கம்பெனி அத்தோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதே 2010-லும் உலக அளவில் அதிக வாகனம் விற்றது டொயோட்டாதான்.