வெயிலில் வீங்கும் கையும் காலும்: நிணநீர் வீக்கம் பற்றிய கேள்வி பதில்

நிணநீர் வீக்கம் உள்ளவர்களுக்கு மசாஜ், கட்டு, உடற்பயிற்சி சொல்லித் தரும் பிசியோதெரபிஸ்ட் நான். திசுக்களில் கசியும் நீரை அள்ளிக்கொண்டு போகும் நிணநீர்க் குழாய்கள் பழுதானால், நீர் தேங்கிக் கையோ காலோ வீங்கும். அதுதான் நிணநீர் வீக்கம். வெயில் காலத்தில் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, வீங்கிய கையையோ காலையோ இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையைக் கழற்றி வைக்கலாமா என்பதுதான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி மூணு வருஷம் ஆச்சு மேடம். இடது கைக்கு ஸ்லீவ் போடறேன். இந்தச் சூட்டுல கை வெந்து போற மாதிரி இருக்கு. ரெண்டு மாசம் கழட்டி வெச்சா என்ன?

கழற்றாதீர்கள் அம்மா. சூடு ஏறினால் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரியும். விரிந்த குழாயிலிருந்து திசுக்களுக்குள் நீர் கூடுதலாகக் கசியும். அதை அள்ளிக்கொண்டு போக வேண்டியவை நிணநீர்க் குழாய்கள். உங்களுக்கோ அக்குளில் நிணநீரை வடிகட்டும் நெறிக்கட்டிகளை எடுத்திருக்கிறார்கள், வடிகால் ஏற்கெனவே குறுகிவிட்டது. வரத்து கூடுகிற நேரம் பார்த்துக் கரையை உடைக்கலாமா?

உறையை விடாமல் சூட்டைக் குறைக்க வழி இருக்கிறது. தெளிப்பான் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, போட்டிருக்கும் ஸ்லீவ் மேலேயே லேசாகத் தெளித்துக்கொண்டு மின்விசிறிக்கு முன்னால் உட்காருங்கள். ஈரம் காயக் காயக் கை குளிரும். சொட்டச் சொட்ட நனைக்க வேண்டாம். குளித்து, கையை நன்றாகத் துடைத்து, காலையில் சூடு ஏறுவதற்குள் போட்டுவிடுங்கள். வியர்த்த பிறகு இழுத்து மாட்டுவது பெரும்பாடு. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு தடவித் தடவி ஏற்றினால் சுலபமாக ஏறும்.

ஒன்று கவனியுங்கள். போன வாரம் ஒருவர் ஸ்லீவ் நழுவுகிறது என்று மேல் விளிம்பை இரண்டாக மடித்துவிட்டு வந்திருந்தார். மடித்த இடத்தில் வளையல் அழுந்தியது போல் சிவப்பாக ஒரு பள்ளம், அதற்குக் கீழே முழங்கை வரை மொழுமொழுவென்று வீக்கம். மடிப்பு விழுந்தால் உறையே நிணநீரைத் தடுக்கிற கயிறாகிவிடும். நழுவினால் அளவு மாறியிருக்கிறது என்று அர்த்தம், புது அளவு எடுக்க வேண்டும். விரல் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே கழற்றுங்கள்.

கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை போட்டா வத்தாதா? தண்ணி குடிக்கறதையும் குறைச்சுட்டேன்.

இரண்டும் வேண்டாம் சார். நிணநீர் வீக்கத்தில் தேங்குவது வெறும் தண்ணீர் அல்ல, அதில் புரதமும் இருக்கிறது. நீர் மாத்திரை தண்ணீரை வெளியேற்றும், புரதம் அங்கேயே நிற்கும். அது மறுபடி நீரை இழுத்துக்கொள்ளும். இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ டாக்டர் கொடுத்த நீர் மாத்திரை என்றால் கதை வேறு, அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். குறைத்தால் வீக்கம் வற்றாது, நீங்கள்தான் வாடிப்போவீர்கள்.

ஐஸ் கட்டி ஒத்தடம் கொடுக்கலாமா?

நேரடியாக வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், தோல் புண்ணாவதே தெரியாது. நனைத்த துணி போதும். தோலில் தடவும் கிரீமை ஃபிரிட்ஜில் வைத்து ராத்திரி தடவிப் பாருங்கள், சுகமாக இருக்கும்.

அப்பாவுக்கு யானைக்கால். வெயில் வந்தா விரலிடுக்கெல்லாம் கசகசன்னு ஈரம், வாடை வேற. மாத்திரை சாப்பிட்டு முடிச்சாச்சு, கால் மட்டும் வத்தவே இல்ல.

அந்த மாத்திரை யானைக்காலை உண்டாக்கும் புழுவுக்கானது தம்பி. நோய் மற்றவர்களுக்குப் பரவாமல் தடுக்கும். பழுதான நிணநீர்க் குழாயை அது சரி செய்யாது. இனி காலைக் காப்பாற்றப் போவது தினசரிக் கழுவல்தான். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

சூடில்லாத தண்ணீர், சாதாரண சோப்பு. மேலிருந்து கீழே கழுவி வாருங்கள். தோல் மடிப்பு ஒவ்வொன்றையும் விரலால் பிரித்து உள்ளே கழுவுங்கள். பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். முக்கியமான வேலை அதற்கப்புறம்தான்: மெல்லிய துணியை விரலிடுக்குக்குள் விட்டு, ஒற்றி ஒற்றி ஈரம் எடுங்கள். அப்பாவால் குனிந்து காலை எட்ட முடியாது, நீங்கள் உட்கார்ந்து செய்து கொடுங்கள். நீங்கள் சொல்லும் வாடையும் ஈரமும் சேற்றுப்புண் போலத் தெரிகிறது. டாக்டரிடம் காட்டி பூஞ்சைக்கான களிம்பு வாங்குங்கள். அந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமி உள்ளே போகும். ஒவ்வொரு முறை கிருமித் தொற்று வந்து போகும்போதும் கால் இன்னும் கொஞ்சம் தடிக்கும். உட்காரும்போது காலைத் தூக்கி வைத்து, கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள்.

நேத்து ராத்திரி உடம்பெல்லாம் தூக்கிப் போட்டு நடுங்குச்சு, காய்ச்சல். காலைல பார்த்தா வீங்கின கால் செக்கச் செவேல்னு சூடா இருக்கு. வெயில் சூடுதானே?

இல்லை. இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இது செல்லுலைட்டிஸ் என்கிற தோல் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆன்டிபயாடிக் தாமதமாகக் கூடாது. சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், பரவுகிறதா என்று டாக்டருக்குத் தெரியும். மசாஜ் செய்யாதீர்கள். வலிக்கும்போது உறையையும் மாட்ட வேண்டாம், மறுபடி எப்போது போடுவது என்று அவரிடமே கேளுங்கள்.

நீச்சல் போகலாமா மேடம்?

தாராளமாக. எனக்குப் பிடித்த மருந்தே அதுதான். தண்ணீருக்குள் 30 செ.மீ. ஆழத்தில் கிட்டத்தட்ட 22 மி.மீ. பாதரச அழுத்தம் இருக்கிறது. 20-30 மி.மீ. அழுத்தமுள்ள காலுறை தருவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். நின்றால் கணுக்காலில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. நல்ல காலுறையும் அப்படித்தான் செய்யப்படுகிறது! இடுப்பளவு தண்ணீரில் நடந்தாலே போதும். வெந்நீர்த் தொட்டி, நீராவிக் குளியல் பக்கம் போகாதீர்கள். புண் இருந்தால் ஆறும்வரை தண்ணீரில் இறங்க வேண்டாம். ஏறியதும் நல்ல தண்ணீரில் குளித்து, துடைத்து, உறையைப் போட்டுவிடுங்கள்.

எனக்கு ஆபரேஷன் எதுவும் நடக்கல. வெயில் காலத்துல சாயங்காலம் ரெண்டு பாதமும் உப்புது. இதுவும் நிணநீர் வீக்கமா?

காலையில் வற்றிவிடுகிறது என்றால் பெரும்பாலும் வெறும் வெயில் வீக்கம். இரண்டாவது கால்விரலின் அடியில், மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். கிள்ள வரவே இல்லை என்றால் நிணநீர் வீக்கத்தைச் சந்தேகிக்கலாம். கிள்ள வந்தால் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறீர்களா? அதுவும் பாதத்தை வீங்க வைக்கும், டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் இதயத்தையும், முகமும் உப்பினால் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கால் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம், அன்றைக்கே போங்கள். காரணம் தெரியாமல் அழுத்தக் காலுறை வாங்கி மாட்டாதீர்கள். கால் தமனியில் அடைப்பு உள்ளவருக்கு அது ஆபத்து.

நடைப்பயிற்சியை வெயில் முடியற வரைக்கும் நிறுத்திடட்டுமா?

நேரத்தை மாற்றுங்கள், நடையை நிறுத்தாதீர்கள். நிணநீரைத் தள்ள இதயம் மாதிரி ஒரு பம்பு கிடையாது. குழாய்கள் தாமாகச் சுருங்குவதும், தசை அசையும்போது கிடைக்கும் அழுத்தமும்தான். விடிகாலையில், உறையோடு நடங்கள்.

உறையை தினம் துவைச்சா சீக்கிரம் தொளதொளன்னு ஆயிடாதா? வெயில்ல காயப் போடலாமா?

துவைக்காவிட்டால்தான் கெடும். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் இழையைத் தளர்த்தும், துவைத்தால் பழைய பிடிமானம் திரும்பும். மிதமான சோப்பு போதும். முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி அழுத்துங்கள். நிழலில் காயட்டும். தினம் போடுகிற உறையை ஏறக்குறைய 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். வாங்கும்போதே இரண்டாக வாங்கிவிடுங்கள், ஒன்று காயும்போது இன்னொன்று கையில் இருக்கும்.