யன்னல் கிறில் எர்த் ஆகாது

கேள்வி: போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். நிலைமின் (உரசலால் உடம்பில் சேரும் மின்சாரம்) கையில் சுள்ளென்று அடித்ததே இல்லை. ஆனாலும் திருத்திய போர்டுகள் சில, கொஞ்ச நாளில் திரும்பி வருகின்றன. அந்த நிலைமின்னை மண்ணுக்கு இறக்கக் கையில் கட்டும் மணிக்கட்டுப் பட்டியின் வயரை யன்னல் கிறில்லில் மாட்டியிருக்கிறேன். போதுமா ஐயா?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: போதாது தம்பி. சுவரில் பதித்த கிறில் மண்ணோடு தொடர்பில் இருக்கும் என்று நம்ப முடியாது. நிலைமின் சுமார் 3,000 வோல்ட் ஏறினால்தான் நம் உடம்புக்கு உறைக்கும். சில சிப்புகளுக்கு 100 வோல்ட்டே அதிகம். அடிபட்ட சிப் உடனே சாகாமல் சில நாள் ஓடிவிட்டு நிற்பதும் உண்டு. வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் நிலைமின் எளிதில் சேரும், அப்போது கூடுதல் கவனம் வேண்டும்.

முதலில் வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டு கடையின் எர்த்தைச் சோதியுங்கள். அப்புறம் பட்டி, நிலைமின்னை இறக்கும் மேசை விரிப்பு, சோல்டரிங் அயன் மூன்றையும் அந்த ஒரே எர்த்தில் சேருங்கள். பட்டி வயரில் 1 மெகாஓம் தடை இருக்கும். தவறி 230 வோல்ட்டில் கை பட்டாலும், பட்டி வழியே கால் மில்லியம்பியருக்கு மேல் ஓடவிடாமல் தடுப்பது அதுதான். அதை வெட்டிவிட்டு வெறும் வயரைப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

தினமும் கடை திறந்ததும் பட்டி வயரை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 1 மெகாஓம் அளவில் காட்ட வேண்டும். பெரும்பாலும் பட்டியோடு சேரும் இடத்தில்தான் முறியும், ஆட்டிக்கொண்டே அளந்தால் பிடிபடும். டிவி பவர் போர்டில் கரண்ட் இருக்கும்போது மட்டும் பட்டியைக் கழற்றிவிடுங்கள்.