கொரோனா திரும்ப ஏறுது, புக் பண்ண டூரை கேன்சல் பண்ணணுமா?

டிக்கெட், ரூம் எல்லாம் போட்டாச்சு, இப்ப கேஸ் ஏறுது, போகலாமான்னு கேட்டிருக்கீங்க. வெறும் கேஸ் எண்ணிக்கைய பாக்காதீங்க, போற ஊர் ஆஸ்பத்திரில பெட் இருக்கான்னு பாருங்க, ஏன்னா கேஸ் ஏறி ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் அட்மிஷன் ஏறும், நீங்க போய் இறங்குற நேரம் அதுவா இருந்தா கால் உடைஞ்சா கூட உடனே பாக்க ஆள் கிடைக்கறது கஷ்டம். வீட்டுல வயசானவங்க, கேன்சர் ட்ரீட்மென்ட்ல இருக்கறவங்க இருந்தா நான் தள்ளித்தான் போடுவேன். தொத்துனா அறிகுறி தெரிய 2 லேந்து 14 நாள் வரைக்கும் ஆகலாம், அதனால கிளம்புற அன்னிக்கு டெஸ்ட் நெகட்டிவ்னு நிம்மதியா இருக்க முடியாது. அங்க பாசிட்டிவ் ஆனா கூடுதலா அஞ்சாறு நாள் ரூம் வாடகை கட்ட முடியுமா (இந்தக் கணக்கை யாரும் போடறதே இல்ல)? பணம் திரும்ப வராதுன்னா தேதியாவது மாத்தித் தருவாங்களான்னு இப்பவே கேட்டு வைங்க.