மலைப் பயணமும் பழைய காரும்: வாசகர் கேள்விகள்

பரீட்சை முடியும் மாதம் வந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி "குடும்பத்தோடு மலைக்குப் போகிறோம், வண்டி கொஞ்சம் பழசு" என்றுதான் ஆரம்பிக்கும். இந்தத் தடவையும் அப்படியே.

மாருதி 800, 2007 மாடல். முன் பிரேக் பேடை நானே மாற்றலாமா? (விருதுநகர்)

தாராளமாக. முதல் தடவை என்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, வீல் நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி போடுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். வண்டியைத் தாங்கும் ஜாக்கி ஸ்டாண்டு வைக்காமல் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. எத்தனை தடவை எழுதினாலும் இதை விடமாட்டேன். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றியதும் பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். புதுப் பேடு தடிமன் என்பதால் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டிவரும். அப்போது மேலே பிரேக் ஆயில் டப்பா வழியும். முன்கூட்டியே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், பெயின்டில் பட்டால் உரித்துவிடும். முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். முதல் மிதிக்குப் பெடல் தரைவரை போகும். அது தெருமுனையில் தெரியவேண்டாம், வாசலிலேயே தெரியட்டும்.

டயரில் பட்டன் (தரையில் படும் மேல்கட்டை) நன்றாக இருக்கிறது. மாற்ற வேண்டுமா? (கரூர்)

பட்டனைப் பார்த்தீர்கள், வயதைப் பார்த்தீர்களா? டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 3517 என்றால் 2017-ஆம் வருடம் 35-ஆவது வாரம். ஆறேழு வருடம் தாண்டி, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பும் இருந்தால் மாற்றுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள், பெரும்பாலும் அதில்தான் காற்றே இருக்காது.

வண்டி சரியாக இழுக்கவில்லை. என்ன காரணம்? (ஊர் எழுதவில்லை)

என்ன வண்டி, பெட்ரோலா டீசலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எதுவும் எழுதவில்லை. டாக்டருக்கு "உடம்பு சரியில்லை" என்று போஸ்ட் கார்டு போடுவீர்களா? ஏர் பில்டரைத் திறந்து பாருங்கள். மீதியை விவரத்தோடு எழுதுங்கள்.

ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது. மெக்கானிக் போன வருடமே தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டார். தண்ணீர் மட்டும்தான் ஊற்றுகிறேன். வால்பாறை போகலாமா? (ஈரோடு)

எறிந்தவரை என்னவென்று சொல்ல! நம் ஊரில் இது ஒரு வைத்தியமாகவே ஆகிவிட்டது. இன்ஜின் 80, 85 டிகிரிக்கு வரும்வரை தண்ணீரை உள்ளேயே சுற்றவிட்டு, அப்புறம் ரேடியேட்டருக்கு வழி திறப்பதுதான் அந்த வால்வின் வேலை. அதைக் கழற்றினால் முள் உடனே இறங்கும். உங்களுக்கும் சந்தோஷம், காசு வாங்கியவருக்கும் சந்தோஷம். ஆனால் அடைத்துக் கிடக்கும் ரேடியேட்டர் அடைத்தபடியேதான் இருக்கும். தரையில் வண்டி சூடேறாமல் ஓடிப் பெட்ரோலைக் குடிக்கும், ஏற்றத்தில் கொதிக்கும்.

என் வண்டியிலேயே ஒரு பட்டறையில் சொல்லாமல் கழற்றிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து வாட்டர் பம்பைப் பிரித்தால், உள்ளே இறகுகள் சொத்தைப் பல் மாதிரி பாதிப் பாதியாக நிற்கின்றன. விரலை விட்டால் செங்காவிச் சேறு. எல்லாம் போர் தண்ணீரின் உபயம்.

புது வால்வு சில நூறு ரூபாய்தான், போடுங்கள். ரேடியேட்டரைக் கடையில் கொடுத்து அடைப்பெடுத்து, மூடியையும் புதிதாக வாங்குங்கள். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் அப்படியே ஊற்ற வேண்டும், தண்ணீர் சேர்க்கக் கூடாது. பிறகு ஏசி போடாமல் வண்டியை நிறுத்தி இன்ஜினை மட்டும் ஓடவிடுங்கள். முள் நடுவைத் தாண்டியும் ரேடியேட்டர் பேன் சுற்றவில்லை என்றால் கோளாறு பேனிலோ அதன் சுவிட்சிலோதான். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. இதெல்லாம் முடித்து ஒரு வாரம் உள்ளூரில் ஓட்டிப் பார்த்த பிறகு போங்கள். வழியில் கொதித்தால், சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். ஆவி அடங்காத குக்கரை யாராவது திறப்பார்களா? அரை மணியாவது ஆறட்டும்.

பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருக்கிறது. (நாகர்கோவில்)

நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீர், பழைய டூத் பிரஷ். துடைத்துக் காயவைத்து மாட்டியபின் மேலே வாசலின் தடவுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

சான்ட்ரோவின் டைமிங் பெல்ட்டை வீடியோ பார்த்து மாற்றலாமா? (வேலூர்)

வேண்டாம். வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பல் வைத்த பெல்ட் அது. ஒரு பல் தள்ளிப்போனாலே வண்டி ஒழுங்காக ஓடாது. நன்றாகத் தவறினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.

ஏசி போட்டால் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது. (கடலூர்)

சொட்டட்டும். உள்ளே கால் மிதியடி நனைந்தால் மட்டும் எழுதுங்கள்.

நாளைக் காலை நாலு மணிக்குக் கொடைக்கானல் கிளம்புகிறோம். இன்று ராத்திரி பிளக், பில்டர், பெல்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா? (திருச்சி)

கடிதம் என் கைக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. எங்கே நின்றீர்கள் என்று எழுதுங்கள்.